பரணில் கிடந்த பழைய பேஸ் கிட்டாரை மறுபடி வாசிக்க வைக்க: சேலம், ஏற்காடு நண்பர்கள் கேட்கும் கேள்விகள்

கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று மெல்லிசைக் குழுக்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கிய பேஸ் கிட்டார்கள் சேலத்தில் இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. ஏற்காடு பக்கம் என்றால் சர்ச் பாடகர் குழுவின் அலமாரியிலோ பள்ளிக்கூட ஸ்டோர் ரூமிலோ இருக்கும். வாத்தியத்தைக் கையில் எடுத்த பிறகு கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பளபளவென்று புதுசாக்குவது இதில் கிடையாது. வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவருவது மட்டும்தான்.

மாமா வாசித்த பேஸ். முப்பது நாற்பது வருஷமாக யாரும் தொடவில்லை. இது தேறுமா?

நெக், அதாவது இடது கை ஓடும் நீளமான கழுத்து, சரியாக இருந்தால் தேறும். மற்ற எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. சத்தம் வரவில்லை, ஸ்ருதி சேர்க்கும் கீ துருப்பிடித்துவிட்டது, கண்ட்ரோல் கரகரக்கிறது என்பதெல்லாம் ஒரு சனி, ஞாயிறு வேலை. நெக் போனால்தான் செலவு.

ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நின்று, தலைப்பக்கம் கண்ணை வைத்து, ரெண்டு ஓரமும் தெரிகிற மாதிரி உடல் வரைக்கும் பாருங்கள். கம்பி இழுக்கிற பக்கம் லேசாக வளைந்திருந்தால் கவலை வேண்டாம், பழைய பேஸ் அப்படித்தான் இருக்கும். பின்பக்கம் வளைந்திருந்தால் சரிசெய்யக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு ஓரம் மேலேறி இன்னொரு ஓரம் இறங்கி நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். லேசான முறுக்கோடு ஆயுசுக்கும் ஓடுகிற பேஸ்களும் உண்டு. ஆனால் அதை வைத்துக்கொண்டு காசு செலவழிக்கும் முன் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் தலை உடைந்து ஒட்டிய தடம் இருக்கிறதா, நெக்கும் உடலும் சேருமிடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் தெரிந்தால் வாத்தியத்தை ஒரு வெள்ளைத்தாள் மேல் பிடித்துத் தட்டுங்கள். மாவு மாதிரி புதுத்தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது. அதை முதலில் ஒழித்த பிறகுதான் மற்றதெல்லாம். பழைய ஓட்டை, தூள் கொட்டவில்லை என்றால் பயமில்லை.

எந்தக் காலத்துப் பேஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தலையில் பெயர் அழிந்துவிட்டது.

தலையில் இருக்கும் பெயரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்தக் காலத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது சுலபம். உள்ளே திறந்து பாருங்கள். ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸை 1951-லும் ஜாஸ் பேஸை 1960-லும் கொண்டுவந்தது. உலகத்தில் பாதிப் பேஸ்கள் இந்த ரெண்டின் நகல்தான், அதனால் வடிவத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாது. வயலின் வடிவம் என்றால் ஜெர்மனியின் ஹாஃப்னர் 1956-ல் அறிமுகப்படுத்திய மாடல் அல்லது அதன் நகல். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி கையில் பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்கப் பாகங்கள் இருந்தால் வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் எண் குத்தியிருக்கும். உதாரணமாக 1376612 என்று இருந்தால், முதல் 137 என்பது சிடிஎஸ் கம்பெனியின் எண், 66 என்பது 1966, கடைசி 12 என்பது அந்த வருஷத்தின் பன்னிரண்டாவது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் கம்பெனி. இது கண்ட்ரோல் செய்த தேதி, கிட்டார் அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கட்டப்பட்டிருக்கலாம். ஜப்பான் பேஸ்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவற்றில் நெக்கை உடலோடு பிடிக்கும் இரும்புத் தகட்டில் 'மேட் இன் ஜப்பான்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் கிவ்சன் பேஸ் என்றாலும் தூக்கிப் போட வேண்டாம், நெக் நேராக இருந்தால் அதுவும் நன்றாகவே வாசிக்கும்.

முதலில் புதுக் கம்பி மாட்டிவிடலாமா? சத்தம் எப்படி என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

ஆசையை ரெண்டு நாள் தள்ளி வையுங்கள். நாலு கம்பியும் ஸ்ருதிக்கு வந்தால் நெக்கை இழுக்கும் விசை 70 கிலோவுக்கு மேல். வருஷக்கணக்கில் தளர்ந்து கிடந்த மரத்தின் மேல் அதை ஒரே நேரத்தில் ஏற்றக் கூடாது. இருக்கிற பழைய கம்பியிலேயே அரை இழுவை வைத்து ஒரு நாள், மறுநாள் முழு ஸ்ருதி என்று போங்கள்.

புதுக் கம்பி வாங்கும் முன் அளவு எடுங்கள். தலைப்பக்கத்து நட்டிலிருந்து (கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை) பன்னிரண்டாம் ஃப்ரெட் (நெக் மேல் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வரை அளந்து ரெண்டால் பெருக்கினால் ஸ்கேல் நீளம் வரும். 34 இஞ்ச் என்றால் சாதாரண செட் போதும். 30 இஞ்ச் வந்தால், ஹாஃப்னரும் பழைய ஜப்பான் பேஸ்களும் பல இந்த ரகம்தான், ஷார்ட் ஸ்கேல் செட் என்று கேட்டு வாங்க வேண்டும். நீளக் கம்பியை வாங்கி வெட்டி மாட்டினால் தடித்த சுற்றுப் பகுதி கீயின் தண்டில் சுற்றும், அங்கேயே அறுந்துபோகும். வெட்டும் முன் கம்பியைச் செங்குத்தாக மடித்துவிட்டு மடிப்புக்கு அந்தப் பக்கம் வெட்டுங்கள், இல்லையென்றால் மேல் சுற்று உள்கம்பியில் நழுவிச் சத்தம் மந்தமாகிவிடும்.

ட்ரஸ் ராட் என்பது என்ன? நானே திருகலாமா?

நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி. கம்பிகள் நெக்கை முன்னால் இழுக்கும்போது இது பின்னால் இழுத்துச் சமன் செய்கிறது. வலப்பக்கம் திருகினால் இறுகி நெக் நிமிரும், இடப்பக்கம் திருகினால் தளர்ந்து வளையும்.

நீங்களே செய்யலாம், ஆனால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். முதலில் இடப்பக்கம் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். நகர்ந்தால் மரை உயிரோடு இருக்கிறது. நகரவே இல்லையென்றால் மரையில் ஒரு துளி எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். அடுத்த நாளும் அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலத்தைக் காட்டினால் ராட் அறுந்துபோகும், அதற்குப் பிறகு ஃப்ரெட் போர்டைப் பிரித்துத்தான் வேலை. ஸ்பேனர் சரியான அளவில் இருக்க வேண்டும்: அமெரிக்கப் பேஸுக்கு இஞ்ச் அளவு, ஜப்பானுக்கு மில்லிமீட்டர். சைக்கிள் கடை ஸ்பேனர் 'ஏறக்குறைய' பொருந்தும். அந்த ஏறக்குறையதான் மூலையை மழுக்கிவிடும். பழைய ஃபெண்டர் ரகங்களில் திருகும் இடம் நெக்கின் அடியில், உடலுக்குள் இருக்கும். நெக்கைக் கழற்றாமல் கை வைக்க முடியாது.

வளைவு எவ்வளவு என்று பார்க்க, கம்பி ஸ்ருதியில் இருக்கும்போது தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். நடுவில், ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் சரி, கிட்டத்தட்ட 0.3 மி.மீ. கார்டு லொட லொட என்று ஆடினால் வளைவு அதிகம். நுழையவே இல்லையென்றால் நெக் ரொம்ப நிமிர்ந்திருக்கிறது, கீழ் ஃப்ரெட்களில் கம்பி அடிக்கும்.

சேலத்தில் சரியாக செட் செய்த பேஸ் ஏற்காட்டுக்குக் கொண்டுபோனதும் மாறிவிடுகிறதே, ஏன்?

மாறத்தான் செய்யும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் வெயில் போய் மூடுபனி வந்துவிடுகிறது. மரம் ஈரத்தை உறிஞ்சும், விடும். ஈரம் ஏறினால் பெரும்பாலும் நெக் இன்னும் கொஞ்சம் முன்னால் வளைந்து கம்பி உயரும். சேலத்துச் சித்திரை வெயிலில் காய்ந்தால் நெக் நிமிர்ந்துகொள்ளும், ஃப்ரெட் போர்டு சுருங்கி ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். ஃப்ரெட் கழன்றுவிட்டதோ என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான்.

மேலே போய் இறங்கியவுடன் ஸ்பேனரை எடுக்காதீர்கள். பெட்டியைத் திறந்து வைத்து ஒரு நாள் பழகவிட்டு, பிறகு கார்டு வைத்துப் பாருங்கள். கோடை விழா மேடையில் ஒரு சாயங்காலம் வாசித்துவிட்டு இறங்கப் போகிறீர்கள் என்றால் ஸ்ருதி மட்டும் சேர்த்துக்கொண்டு வாசியுங்கள். அங்கேயே இருக்கப்போகும் பேஸ் என்றால் அங்கேயே வைத்து செட் செய்யுங்கள். ஏற்காட்டில் வெளிச்சுவர் மேல் சாய்த்து வைக்க வேண்டாம், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பஞ்சு வைத்த பையில் பூஞ்சை சீக்கிரம் வரும். சேலத்தில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போக வேண்டாம், பசை இளகும்.

ஆம்பில் மாட்டினால் சத்தமே இல்லை. பிக்கப் போய்விட்டதா?

பிக்கப், அதாவது கம்பிக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் காயில், போவது கடைசிச் சந்தேகம். முதல் குற்றவாளி ஜாக், அடுத்தது அதன் ஒயர், அதற்கடுத்து வால்யூம் கண்ட்ரோல். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் பேஸைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம்.

கேபிளின் ஒரு முனையைப் பேஸில் மாட்டுங்கள். வால்யூம், டோன் ரெண்டையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். இன்னொரு முனையின் நுனியிலும் தண்டிலும் மீட்டரின் ரெண்டு முள்ளை வைத்து ஓம் அளவைப் பாருங்கள். பிரிசிஷன் ரகத்தில் 10 கிலோ ஓம் பக்கத்தில் காட்டும். ஜாஸ் ரகத்தில் ஒரு பிக்கப் 7, 8 இருக்கும், ரெண்டும் திறந்திருந்தால் அதில் பாதி. பழைய ஜப்பான் பிக்கப்களில் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட், பெரும்பாலும் ஜாக்கில். 250 அல்லது 500 கிலோ ஓம் காட்டினால்தான் பிக்கப்பைச் சந்தேகிக்க வேண்டும்: உள்ளே காயில் அறுந்து, மீட்டர் வெறும் வால்யூம் கண்ட்ரோலை மட்டும் அளந்துகொண்டிருக்கிறது. எதுவுமே காட்டவில்லை என்றால் கேபிளோ ஜாக்கோ அறுந்திருக்கிறது.

காயில் அறுந்திருந்தாலும் உடனே கைவிட வேண்டாம். பல நேரம் அறுந்திருப்பது வெளியே, காயிலின் முனை ஈயம் வைத்த இடத்தில்தான், பச்சை பூத்துப் போயிருக்கும். பூதக்கண்ணாடி வைத்து அந்த முனையைத் தேடி எடுத்து மறுபடி ஈயம் வைத்தால் உயிர் வந்துவிடும். உள்ளே அறுந்திருந்தால் மறுபடி சுற்ற வேண்டும். நம் ஊரில் தெருவுக்குத் தெரு போர் மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறதே என்று கேட்கிறார்கள். மோட்டார் ஒயர் தடிமன் வேறு. பேஸ் பிக்கப்புக்கு 42 கேஜ், அதாவது 0.063 மி.மீ., தலைமுடியை விட மெலிசு. அதில் ஆயிரக்கணக்கான சுற்று போட வேண்டும். கை நிதானமுள்ளவர் ஒருவர் ஒத்துக்கொண்டால் சரி, இல்லையென்றால் பெங்களூருவிலோ சென்னையிலோ கிட்டார் பிக்கப் சுற்றுபவரிடம் அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை: பழைய பிக்கார்டு (உடலின் முன்பக்கத் தகடு) சில செல்லுலாய்டால் ஆனவை. சட்டென்று தீப்பிடிக்கும். சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் கொண்டுபோகும் முன் கழற்றி வையுங்கள்.

வால்யூமைத் திருப்பினால் கர்ர்ர் என்கிறது.

கான்டாக்ட் கிளீனர் அடித்து, முனையிலிருந்து முனைக்கு ஒரு முப்பது தடவை திருப்புங்கள். போகவில்லை என்றால் புதுசு: ஜாஸ், பிரிசிஷன் ரகத்துக்கு 250 கிலோ ஓம். பழைய கண்ட்ரோலைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். டோனுக்கு உள்ள கெப்பாசிட்டரை, பெரும்பாலும் 0.047 அல்லது 0.05 மைக்ரோஃபாரட் இருக்கும், சும்மா மாற்ற வேண்டாம். செராமிக் வகை எளிதில் கெடாது.

கம்பியைத் தொட்டால் ஹம் நின்றுவிடுகிறது, விட்டால் வருகிறது. இது கோளாறா?

இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் ஒரு எர்த் ஒயர் போகிறது, உங்கள் உடம்பு பிடிக்கும் இரைச்சலை அது வடிக்கிறது. தொட்டாலும் நிற்கவில்லை என்றால் அந்த ஒயர் விட்டுப்போயிருக்கும். பிரிட்ஜைக் கழற்றினால் துருவுக்குள் ஒளிந்திருப்பது தெரியும்.

மீதி இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் அறைதான். பட்டன் மாதிரித் திருப்பும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவு எல்இடி பல்பு, திருவிழா மேடை என்றால் சீரியல் செட். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலே பாதி குறையும். கண்ட்ரோல் குழியில் தாமிர ஃபாயில் ஒட்டலாம். சமையலறை அலுமினியத் தாளும் வேலை செய்யும், ஆனால் அதில் ஈயம் பிடிக்காது, திருகு வைத்துத்தான் எர்த்தோடு சேர்க்க வேண்டும்.

வாசித்துக்கொண்டே மைக்கில் பாடினால் உதட்டில் ஷாக் அடிக்கிறது. பேஸில் கோளாறா?

பேஸில் இல்லை, ஆம்பிலோ லைனிலோ. இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம், ஆள் போகிற விஷயம். கம்பிகள் எல்லாம் எர்த் வழியாக ஆம்பின் உடலோடு சேர்ந்திருக்கின்றன. ஆம்புக்கு எர்த் இல்லாமல் அதன் உடலில் கரண்ட் கசிந்தால் உங்கள் இடது கையும் மைக்கும் சேர்ந்து சுற்றை முடிக்கின்றன.

பழைய ரெண்டு பின் பிளக் உள்ள ஆம்பை மூணு பின்னாக மாற்றுங்கள். மலை பங்களாக்களில் சாக்கெட்டில் மூணாவது ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். மேடையில் ஆம்ப், மிக்சர் எல்லாம் ஒரே லைனிலிருந்து எர்த்தோடு எடுங்கள். ஹம் போகிறது என்று எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் நம் மேடைகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வால்வ் ஆம்பைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் திறக்காதீர்கள், உள்ளே கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நின்றுகொண்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த ஆம்ப் என்றால் பின்னால் 100 அல்லது 117 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நம் 230-ல் மாட்டினால் கதை முடிந்தது.

பிரிட்ஜ் திருகு எல்லாம் துரு. திருகவே வரவில்லை.

பிரிட்ஜை மொத்தமாகக் கழற்றி, டபிள்யூடி-40 அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். வாத்தியத்தின் மேல் வைத்தே அடித்தால் மரத்தில் இறங்கும். திருகு போய்விட்டால் பழசைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மரையைப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். ஜப்பான் ரகங்களில் மில்லிமீட்டர் மரை, ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். அமெரிக்க மரை வேறு, அதற்கு நல்ல லேத் பட்டறைக்காரர் ஒருவரைப் பிடியுங்கள், சேலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மரத்தில் திருகு ஓட்டை பெருத்துவிட்டதா? மூங்கில் குச்சியை ஃபெவிகாலில் முக்கி அடைத்து, காய்ந்ததும் சீவிவிட்டுத் திருகுங்கள்.

ஃப்ரெட் போர்டு வெளுத்துப் போய்விட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம். கொஞ்ச நாளில் சிக்குப் பிடித்து நாறும். ரோஸ்வுட் போர்டு என்றால் மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் வாங்கி, துணியில் நாலு சொட்டு தொட்டுத் தடவி, பத்து நிமிஷத்தில் துடைத்துவிடுங்கள். மேப்பிள் போர்டில் மேலே வார்னிஷ் இருக்கும், ஈரத்துணி போதும்.

ஃப்ரெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. மாற்ற வேண்டுமா?

அழுக்கு, பச்சை என்றால் மரத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டு பிராசோ போட்டுத் தேயுங்கள். இரும்பு நார் வைத்துத் தேய்த்தால் துகள் எல்லாம் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், எடுக்கவே முடியாது. கண்ணுக்குத் தெரிகிற பள்ளம் இருந்தும் சத்தம் சுத்தமாக வருகிறது என்றால் விட்டுவிடுங்கள். ஒரு இடத்தில் மட்டும் நங்நங் என்றால் மட்டம் பார்க்க வேண்டும். காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை என்று நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். உப்புத்தாளும் தைரியமும் மட்டும் போதாது.

தலைப்பக்க நட் உடைந்துவிட்டது. சேலத்தில் யார் செய்வார்கள்?

எலும்பு நட் வாங்கிவிடலாம், அதில் பள்ளம் போடுவதுதான் வேலை. தடித்த ஈ கம்பிக்கு 2.7 மி.மீ. பக்கம் பள்ளம் வேண்டும், மெலிந்த ஜி கம்பிக்கு 1.2 போதும். கிட்டார் அரம் செட் விலை கேட்டால் மலைப்பு வரும். செவ்வாய்பேட்டையில் கொலுசு செய்பவர்கள் பயன்படுத்தும் உருண்டை ஊசி அரம் இதற்கு அருமையாகப் பொருந்தும், பட்டறைச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். பள்ளம் தலைப்பக்கம் லேசாகச் சரிந்து இருக்க வேண்டும். ஆழம் அதிகமாகிவிட்டால் சமையல் சோடாவைப் பள்ளத்தில் நிரப்பி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விடுங்கள், கல்லாக இறுகும், மறுபடி அராவலாம். முகத்தை மட்டும் தள்ளி வையுங்கள், புகை கண்ணை எரிக்கும்.

எல்லாம் முடிந்தது. கடைசி செட்டிங் எந்த வரிசையில்?

ஸ்ருதி, நெக் வளைவு, கம்பி உயரம், பிக்கப் உயரம், இன்டோனேஷன் (மேல் ஃப்ரெட்களிலும் சுரம் சரியாக வருவது). வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்வீர்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஈ கம்பிக்கு அடியில் 2.5 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள், கை சொல்கிறபடி மாற்றிக்கொள்ளலாம். பிக்கப்பைக் கம்பிக்கு ரொம்ப நெருக்கினால் காந்தம் கம்பியை இழுத்து ஸ்ருதி அலையும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

இன்டோனேஷனுக்குப் பன்னிரண்டாம் ஃப்ரெட் மேல் விரலை வைத்தும் வைக்காமலும் தொட்டு வரும் ஹார்மானிக்கையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தும்போது ஏறியிருந்தால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். ஈ கம்பி வெறும் 41 ஹெர்ட்ஸ், செல்போன் டியூனர் திணறும், ஹார்மானிக்கில் பார்த்தால் பிடித்துக்கொள்ளும். இளையராஜா பாட்டு வாசிக்கத்தான் இவ்வளவும் என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது, அந்த பேஸ் வரிகள் கீழ் நாலு ஃப்ரெட்டில் உட்கார்ந்திருக்காது.

பெயின்ட் உரிந்திருக்கிறது. கார் பெயின்ட் கடையில் கொடுத்து அடித்துவிடலாமா?

செய்யாதீர்கள். வாசிப்பதற்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, பழைய வாத்தியமாக அதற்கு இருக்கும் மதிப்பும் போய்விடும். துடைத்து வைத்தால் போதும்.

ஆம்ப் இல்லை. ஹோம் தியேட்டரில் மாட்டலாமா?

மாட்டினால் சத்தம் வரும், ஆனால் மந்தமாக. பேஸ் பிக்கப்புக்கு 1 மெகா ஓம் அளவு இன்புட் வேண்டும், ஹோம் தியேட்டர் இன்புட் பத்து முப்பது கிலோ ஓம்தான் இருக்கும், மேல் சத்தத்தை விழுங்கிவிடும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (இந்த ஓம் வித்தியாசத்தைச் சரிக்கட்டும் சின்னப் பெட்டி) வையுங்கள். சத்தத்தை ஏற்றினால் சின்ன ஸ்பீக்கர் கிழியும்.

வாசித்து முடித்ததும் கம்பியைத் தளர்த்தி வைக்க வேண்டுமா?

தினமும் வேண்டாம். ஸ்ருதியிலேயே இருந்தால்தான் நெக்கும் ராடும் சமனாக இருக்கும். மாசக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் ஒரு சுரம் இறக்கி வையுங்கள், முழுக்கத் தளர்த்த வேண்டாம். உள்ளே பேட்டரி போடுகிற ரகம் என்றால் அதைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.